நூலுக்கு இமைக்காத கண்

பூங்கொடியின் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது என்று கம்பெனியில் சொல்வார்கள். நிஜமாகவே ஒரு கைப்பிடி மண்ணைத் தூவினால் அவளுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம். பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை அவளுடைய கருவிழியில் இருந்த மெல்லிய நரம்புகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்திருந்தது. அதை அவள் குறையாகச் சொல்லிக்கொண்டதே இல்லை. சொல்லப்போனால் அவளுக்கு இந்த வேலை கிடைத்ததே அதனால்தான்.

அரசூரைத் தாண்டி அவிநாசி ரோட்டை ஒட்டி இருந்த அந்த வால்வு கம்பெனியில் அளவு பார்க்கிறவர்கள் யாரும் இப்போது கையில் கருவி வைத்திருப்பதில்லை. கண்ணில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிச் சவ்வு மாதிரி ஒரு பொருள், அதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. ஆட்கள் அதைச் 'செதில்' என்பார்கள். கருவிழியின் மேல் அதை ஒட்டிக்கொண்டு ஒரு வால்வைக் கையில் எடுத்தால், இரும்பின் மேலேயே வரைபடம் எழும். எங்கே ஒரு இழை கூடுதல், எங்கே குறைச்சல் என்று சிவப்பும் பச்சையுமாகக் காட்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரம் வால்வு பார்த்துத் தள்ளலாம்.

ஒரே ஒரு தொல்லை. செதில் சூடாகும். நல்ல கண்ணுக்கு நாலு மணி நேரத்தில் மிளகாயைத் தேய்த்த மாதிரி எரியும், கழற்றி எறிந்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஆனால் சிலர் மட்டும் பன்னிரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டு சாவதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யார் அவர்கள் என்று பார்த்தால் அத்தனை பேரும் சர்க்கரைக்காரர்கள். அன்றிலிருந்து கம்பெனிக்கு அந்த மாதிரி ஆள்தான் வேண்டும். அவர்களுக்குக் 'கல்லுக்கண்ணு' என்று பட்டம், சட்டையில் தனி பேட்ஜ், கேண்டீனில் தனி மேஜை.

வேலைக்கு வருகிறவரிடம் வியாதியைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கம்பெனி கேட்கவில்லையே! ஒரு நூலால் தொட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். மிஷினில் சோதித்தால் பதிவாகிவிடும், வம்பு வரும். அதனால் ஒரு மனுஷிதான் தொட வேண்டும். அந்த மனுஷி பூங்கொடி.

மற்ற நாளெல்லாம் அவளும் செதில் போட்டு வால்வு பார்ப்பாள், புதன்கிழமை தோறும் நூல் பரீட்சை. வந்தவரைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைப்பாள். பஞ்சை விரலில் உருட்டி, விளக்குத் திரியைவிட மெல்லிசாக, நுனியில் நாலே இழை நிற்கிற மாதிரி திரித்துக்கொள்வாள். இடது கட்டைவிரலால் மேல் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து அந்த நுனியைக் கருவிழியின் மேல் வைப்பாள். பிடித்த இமை விரலுக்கடியில் துடித்தாலோ, கீழ் இமை வெட்டினாலோ, கண்ணில் தண்ணீர் கோத்தாலோ பெயில். ஒன்றும் நடக்காவிட்டால் பாஸ். ரிஜிஸ்டரில் ஒரு டிக். எத்தனை பேர் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டு வருவார்கள் தெரியுமா? அவளிடம் ஒருத்தர் பாச்சாவும் பலிக்காது.

இந்த ஒரு வருஷமாகத்தான் சில்லறை எரிச்சல்கள். பரீட்சை அறை விளக்கு மங்கல் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டு தடவை மாற்றச் சொன்னாள். அவன் மாற்றிவிட்டு, "இதுக்கு மேல வெளிச்சம் வேணும்னா சூரியனைத்தான் கழட்டிட்டு வரோணுங்க்கா" என்று முனகிக்கொண்டே போனான். காலையில் பஸ் ஸ்டாப் விளக்கைச் சுற்றிப் பனி வட்டம் கட்டியது. சித்திரை மாசத்தில் ஏது பனி என்று அவள் யோசிக்கவில்லை, காலம் கெட்டுக் கிடக்கிறது என்று விட்டுவிட்டாள். செதிலைப் போட்டுவிட்டால் எழுத்தெல்லாம் கொட்டைக் கொட்டையாகத் தெரிந்துவிடுகிறதே, அப்புறம் என்ன!

புதிதாகச் சேர்ந்தவர்கள் வேறு படுத்தினார்கள். கடைசியாக எடுத்த பத்துப் பேரில் ஏழு பேர் நாலாவது மணி நேரத்திலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு, எரியுது எரியுது என்று வந்து நின்றார்கள். ஆள் எடுக்கும் ஆபீசர் பரணிதரன் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"என்னக்கா, பாஸ் பண்ணுன ஆளுகதானே இவங்க?"

"நடிப்புங் தம்பி. இந்தக் காலத்து ஆளுகளுக்குத் தாக்குப்பிடிக்கற சத்து கெடையாது. ஒரு மாசம் போனா எல்லாஞ் சரியாப் போயிரும்."

அவர் நம்பினார். நம்பாமல் என்ன, ஒன்பது வருஷத்தில் அவள் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அந்த மாசம்தான் நாச்சிமுத்து ஆஸ்பத்திரியில் படுத்தார். அவர் வால்வு பார்க்கிற லைனில் பெரிய ஆள். பதினேழு மணி நேரம் செதிலைக் கழற்றாமல் உட்கார்ந்த சாதனை அவருடையது. மாத்திரையைக் குறைத்தால் கண் இன்னும் கெட்டிப்படும் என்று லைனுக்கே சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். எல்லோரும் பாதி மாத்திரைக்கு மாறினார்கள். பூங்கொடியும் மாறினாள். சர்க்கரையை ஏற்றி வைத்துக்கொள்வதைத் தொழில் சுத்தம் மாதிரிப் பேசுகிற இடம் உலகத்திலேயே இந்த ஒரு லைனாகத்தான் இருக்கும்.

கண்ணாஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது வலது கண் கட்டுக்குள் இருந்தது. பக்கத்தில் டாக்டர் ஷமீமா நின்றிருந்தார்.

"கருவிழியில ஓட்டை விழுந்துடுச்சு" என்றார் டாக்டர். "அரிசி அளவுக்கு வெள்ளையா புண்ணு. அதோடயே ஆறு நாள் வேலைக்குப் போயிருக்கார்."

"வலிக்கலீங் பூங்கொடி" என்றார் நாச்சிமுத்து. சத்தியம் செய்கிற குரல். "துளி வலி இல்ல. எங்கூட்டுக்காரிதான் பாத்துட்டு, என்னங்க கண்ணுல சோத்துப் பருக்கை ஒட்டியிருக்குதுன்னு தொடைக்க வந்தா."

பூங்கொடி டாக்டர் பக்கம் திரும்பினாள். "ஏனுங் டாக்டர், வலியில்லாம எப்படிங் புண்ணு வரும்?"

"வலிச்சிருந்தா முதல் நாளே ஓடி வந்திருப்பாரே! அந்த நரம்பு வலியைச் சொல்றதுக்கு மட்டும் இல்லம்மா. கண்ணீரை வரச் சொல்றதும் அதுதான், கீறல் விழுந்தா ஆற வைக்கறதும் அதுதான். அது செத்துட்டா சின்னக் கீறல் கூட மூடாது. இன்னொண்ணு, ரொம்ப நாள் சர்க்கரை இருந்தா கருவிழியோட மேல்தோல் அடியில கெட்டியா ஒட்டியிருக்காது. ஈரம் ஏறின சுவத்துல பெயின்ட் நிக்கற மாதிரி சும்மா நிக்கும். நீங்க தினமும் செதிலைக் கழட்டும்போது அதையும் உரிச்சு எடுக்கறீங்க."

"எல்லாருக்குமாங்?"

"எல்லாருக்கும் இவ்வளவு ஆகாது. மாத்திரையை ஒழுங்கா போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டினா பாதிப் பேருக்கு மேல தப்பிச்சுடலாம். நீங்கதான் அரை மாத்திரை போட்டுட்டு அதுக்கு பேட்ஜ் வேற குத்திக்கறீங்களே! வாங்க, உங்க கண்ணையும் ஒரு நிமிஷம் பார்த்துடறேன்."

"எனக்கு எதுக்குங்? ஒரு வலியும் இல்லீங்."

"அதுக்காகத்தான் கூப்பிடறேன்."

"பஸ்ஸு போயிருமுங்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். தனக்கு ஒன்றும் ஆகாது என்பதில் அவளுக்கு இருந்த நம்பிக்கையை வைத்து ஒரு பேங்க்கே நடத்தலாம்.

ஆனால் கருமத்தம்பட்டியில் வீட்டுக் கதவைத் திறந்ததும் அவள் மகள் நிவேதா சொன்ன செய்தியில் அந்த நம்பிக்கை லேசாக ஆடியது. நிவேதாவுக்கு இருபத்திரண்டு வயசு. டிப்ளமோ முடித்துவிட்டு ஆறு மாசமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க கம்பெனி லைனுக்குப் பேரு குடுத்துட்டேன். வர்ற புதன்கிழமை நூல் டெஸ்ட்."

"ஆரைக் கேட்டு குடுத்தே?"

"ஆரைக் கேக்கோணும்? நீ பேட்ஜைக் குத்திக்கிட்டுப் போனா பெருமை, நான் போனா மட்டும் பாவமா?"

பூங்கொடி தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். நாச்சிமுத்துவின் கட்டுப்போட்ட முகம் கண் முன்னால் வந்து நின்றது. அந்தச் செதில் தன் மகள் கண்ணில் ஏறக் கூடாது. இது ஒன்றுதான் அவளுக்கு அந்த நிமிஷம் வேண்டியிருந்தது. ஆனால் நிவேதாவிடம் வேண்டாம் என்று சொன்னால் அன்றைக்கே போய் நிற்பாள், அப்படி ஒரு பிடிவாதம். சண்டை எதற்கு என்று நினைத்தாள். இவளுக்கு ஏது சர்க்கரை? நூல் பட்டதும் துள்ளி எழுந்து நாற்காலியை உதைப்பாள். பெயில் போட்டு அனுப்பிவிட்டால் கதை முடிந்தது.

"அம்மா! கையி!" என்று கத்தினாள் நிவேதா. தோசைக்கல்லின் விளிம்பில் பூங்கொடியின் கட்டைவிரல் பட்டுக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தாள், கொப்புளம் கட்டியிருந்தது.

"ஒண்ணுமில்ல, வலிக்கல" என்றாள்.

புதன்கிழமை நிவேதா நாற்காலியில் சாய்ந்து படுத்தாள். பரணிதரன் கதவுக்கு வெளியே யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பூங்கொடி பஞ்சைத் திரித்தாள். கட்டைவிரலால் மகளின் இமையைத் தூக்கினாள்.

"பயப்படாதே அம்மணி. மேலே பாரு."

நூல் நுனியை வைத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

சரியாகப் படவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு தடவை வைத்தாள். விரலுக்கடியில் இமை அசையவில்லை. கீழ் இமை வெட்டவில்லை. தண்ணீர் கோக்கவில்லை. குனிந்து பார்த்தாள். மங்கல் விளக்கில் மகளின் கண் குளம் மாதிரி அமைதியாகத் தெரிந்தது. மூன்றாவது தடவை கொஞ்சம் அழுத்தியே வைத்தாள், அப்போதும் அதே அமைதி.

ஐயோ, என்று மனசுக்குள் அலறினாள். இருபத்திரண்டு வயசுக்குள் இவளுக்கும் வந்துவிட்டதா? எத்தனை வருஷமாக உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது? ஊரார் பிள்ளைகளின் கண்ணையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள் வீட்டுப் பிள்ளையின் கண்ணை விட்டுவிட்டேனே! இந்த அறையில் யாராவது இமைக்காமல் படுத்தால் நான் கை தட்டுவேனே, பாவி!

கதவு திறந்தது. "என்னக்கா, உங்க பொண்ணு எப்படி?"

பூங்கொடி நிமிர்ந்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் பொய்யை, குரல் பிசகாமல் சொன்னாள்.

"பெயிலுங் தம்பி. மூணு வாட்டி தொட்டேன், மூணு வாட்டியும் கண்ணு அடிச்சிருச்சு."

ரிஜிஸ்டரில் சுழித்துவிட்டு, அரை நாள் லீவு சொல்லி, மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வந்த டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். நிவேதா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் நீலாம்பூரைத் தாண்டியது.

"எங்க போறோம்?" என்றாள் கடைசியில்.

"கண்ணாஸ்பத்திரிக்கு."

"எதுக்கு?"

"உனக்குச் சக்கரை இருக்குது சாமி. பயப்படாதே, இப்பவே பாத்துக்கிட்டா கண்ணைக் காப்பாத்திக்கலாம். அந்த டாக்டர் சொன்னாங்க. நான் இருக்கறேன்."

"எனக்கா? ஆரு சொன்னா?"

"நூலு சொல்லுச்சு. மூணு வாட்டி தொட்டேன், நீ இமைக்கவே இல்ல. நான் பொய் சொல்லித்தான் பெயில் போட்டேன். உன்ற கண்ணுல அந்தக் கருமம் ஏறக் கூடாதுன்னு."

நிவேதா திரும்பி அவளையே பார்த்தாள்.

"பொய்யா?" என்றாள் மெதுவாக. "அம்மா, மொத வாட்டி தொட்டதுமே எனக்கு உசுரு போயிருச்சு. இமை உன்ற விரலுக்குள்ள படபடன்னு அடிச்சுது. தண்ணி வழிஞ்சு காதுக்குள்ளயே போயிருச்சு. நான் வேலைக்கு வரக் கூடாதுன்னு நீ வேணும்னே திரும்பத் திரும்பத் தொடறேன்னு நெனச்சேன். அந்தக் கோவத்துல பல்லைக் கடிச்சுட்டுப் படுத்திருந்தேன்."

"சும்மா சொல்லாதே."

"நான் எதுக்கு சும்மா சொல்றேன்?" அவள் குரல் உடைந்தது. "இப்ப நான் என்ன பண்ணிட்டு இருக்கறேன், சொல்லு பாக்கலாம்."

"என்ன பண்றே? உக்காந்துட்டு இருக்கறே."

நிவேதா அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். பூங்கொடியின் விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். ஈரம். கன்னம் முழுக்க ஈரம், தாடை வரை. ஒரு முழம் தூரத்தில், பட்டப்பகலில், மகள் அழுதுகொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். "அட சாமி, உனக்கு ஒண்ணுமில்ல! நல்லா இமைச்சியா? வலிச்சுதா?" என்று அவள் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மகள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்டக்டர், ஏதோ கல்யாணம் நிச்சயமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. இரண்டு தடவை மாற்றிய விளக்கு, சித்திரை மாசத்துப் பனி, தோசைக்கல்லில் சுட்டும் உறைக்காத கட்டைவிரல். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்ற ஏழு பேர். அவர்கள் நடிக்கவில்லை. நல்ல கண்ணோடு வந்து படுத்தார்கள், நூல் பட்டதும் இமைத்தார்கள், அவள்தான் பாஸ் போட்டாள். அவர்களுடைய எரிச்சலுக்கு அவள் வைத்த பெயர் நடிப்பு. வெட்கத்தில் அவளுக்குக் காது சூடாகியது.

டாக்டர் ஷமீமா கருவிக்குள் வெகுநேரம் பார்த்தார். "வலது கருவிழியில பழைய புண்ணு ஆறி, தழும்பாயிடுச்சும்மா. ரெண்டு மூணு தடவை வந்திருக்கு, உங்களுக்குத் தெரியவே இல்ல. இடதுல மேல்தோல் உரிஞ்சு, வீங்கி, மங்கியிருக்கு. ஆனா அதைக் காப்பாத்தலாம். செதிலை இனி தொடக் கூடாது, மாத்திரை முழுசா போடணும், சொட்டு மருந்தை நேரம் தவறாம விடணும்."

"விடறனுங். நீங்க சொல்ற வேளைக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே விடறனுங்." என்ன இருந்தாலும் பூங்கொடி பூங்கொடிதான். "கம்பெனி மேல எழுதிப் போடோணுமுங் டாக்டர். என்ற கண்ணையே சாட்சியா வெச்சுக்குங்."

நிவேதா மனு எழுதினாள், டாக்டர் ரிப்போர்ட் இணைத்தார், பூங்கொடி கையெழுத்துப் போட்டாள். தொழிற்சாலை ஆய்வாளர் வர ஒரு மாசமாகும் என்று பதில் வந்தது. ஒரு மாசம் என்றால் நாலு புதன்கிழமை. பூங்கொடி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, லைன் வேலைக்கு லீவு சொல்லி, புதன்கிழமைக்கு மட்டும் வருகிறேன் என்றாள். அந்தக் கை வேறு யாருக்கும் கிடையாது என்பதால் பரணிதரன் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

முதல் புதன் காலையில் அவள் நேராக அந்த ஏழு பேரிடம் போனாள். "எரியுதுன்னீங்களே, அது நெசந்தான். கழட்டி வெச்சுட்டுப் போயிருங். தப்பு என்மேலதான்" என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலைக்குள் ஏழு செதிலும் டப்பாவுக்குள் கிடந்தன.

அன்றைக்குப் பரீட்சைக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் படுத்தார்கள். பூங்கொடி பஞ்சைத் திரித்தாள், இமையைத் தூக்கினாள், குனிந்து உற்றுப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். நூலை யார் கண்ணிலும் வைக்கவில்லை, இரண்டு விரல் தள்ளியே நிறுத்திக்கொண்டாள். எழுந்தவர் ஒவ்வொருவர் கையிலும் டாக்டர் ஷமீமாவின் பெயர் எழுதிய சீட்டைத் திணித்தாள். நிவேதா எழுதிக் கொடுத்த சீட்டு.

ரிஜிஸ்டரைப் பார்த்துப் பரணிதரன் வாயைப் பிளந்தார்.

"பதினோரு பேருமா பெயில்? ஒருத்தர்கூடவா தேறல? சரியாப் பாத்தீங்களாக்கா?"

பூங்கொடி மிச்சப் பஞ்சைச் சுருட்டி டப்பாவில் வைத்தாள். அவர் நின்றிருந்த பக்கம் மங்கலாக ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. அதைப் பார்த்து நேராக நிமிர்ந்தாள்.

"என்னங் தம்பி, ஒம்போது வருஷமா பாக்கறீங். என்ற கண்ணு எப்பவாச்சும் தப்பியிருக்குதா?"

பரணிதரன் அந்தப் பதினோரு சுழியையும் இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.